வீழ்ந்த குஞ்சும் விழிப்புள்ள கருணையும்

புகார் நகரினின்று கோவலனையும் கண்ணகியையும் மதுரை நோக்கி அழைத்துச் சென்ற கவுந்தியடிகள், வழியின் அருமையை எடுத்துரைக்கும் பகுதி சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் உள்ளது. வயல் சார்ந்த வழியில் நடக்குங்கால் அடியின்கீழ் நண்டும் நத்தையும் அகப்பட்டுத் துன்புறுமாயின் அது தாங்கொணாத் துயரமாகும் என்பது அவ்வம்மையார் கூறும் எச்சரிக்கைகளுள் ஒன்று. உயிர்களிடத்து இரக்கம் கொள்க என்று கூறுவதோடு அவர் அமையவில்லை. எந்த வழியில் எந்த உயிர் இருக்கும், அதற்கு நம்மால் எவ்வாறு தீங்கு நேரும் என்பதையும் அறிந்து கூறினார். இரக்கத்தோடு அறிவும் சேர்ந்திருப்பதே நம் அறத்தின் தனிச்சிறப்பு.

அந்தப் பூம்புகாருக்குத் தெற்கே, அதே கடற்கரையில் அமைந்த ஊர் தரங்கம்பாடி. 1620-ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் இங்குக் கோட்டை எழுப்பினர். 1845-இல் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். டேனிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கு வாழ்ந்த கோனிக், யான் முதலிய ஐரோப்பிய அறிஞர்கள் இப்பகுதியின் செடி கொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்ந்தனர். செங்கல் நிற உடலும் பிடரியில் கருவளையமும் கொண்ட ஒரு சிறு புறாவுக்கு 1804-இல் வெளிவந்த நூலில் ஹெர்மன் என்னும் அறிஞர் இவ்வூரின் பெயரையே சூட்டினார். 'டிராங்குபாரிகா' என்று உலக அறிவியல் நூல்கள் இன்றும் அப்புறாவைக் குறிக்கின்றன. அக்காலத்து ஆய்வாளர்கள் பறவையை அறிவதற்கு அதனைக் கொன்று பாடம் செய்தனர். நாமோ பறவையைக் காப்பதற்காக அறிய விரும்புகிறோம்.

புறாவின் கூடு சில சுள்ளிகளை ஏனோதானோவென்று அடுக்கியது போன்றிருக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். பலத்த காற்று வீசினால் குஞ்சு கீழே விழுவது இயல்பு. இவ்வாறு கொல்லையிலும் வீதியோரத்திலும் விழுந்து கிடக்கும் பறவைக் குஞ்சைக் கண்டால் சிராவகராகிய நாம் செய்யத் தக்கது யாது? செய்யத் தகாதது யாது? இப்பாடத்தில் இவற்றைக் காண்போம்.

அறியாமையால் வரும் இம்சை

கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் கருத்து. இக்கவனக்குறைவைப் பிரமாதம் என்பர். பகை கொண்டு அடிப்பவனிடம் மட்டுமே பிரமாதம் இருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. அன்பு மேலீட்டால், ஆராயாமல், ஒரு குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்கு எடுத்து வந்து, அதன் வாயில் பால் ஊற்றி, அன்றிரவே அது இறந்துபடக் காண்பவரும் உளர். அவருடைய உள்ளம் தூயது. எனினும் குஞ்சு இறந்தது உண்மை. ஆதலின் கற்றுத் தெளிதலும் அகிம்சா விரதத்தின் ஓர் உறுப்பே ஆகும்.

நின்று பார்த்தல்

கீழே கிடக்கும் குஞ்சைக் கண்டவுடன் கையில் எடுக்காமல், சற்றுத் தொலைவில் நின்று அது எந்நிலையினது என்று பார்க்க வேண்டும். குஞ்சுகள் இரு வகைப்படும்.

முதல் வகை, கூட்டுக்குள் இருக்க வேண்டிய குஞ்சு. உடலில் மயிர் இராது, அல்லது முட்கள் போன்ற இளஞ்சிறகு மட்டும் அரும்பியிருக்கும். கண் திறவாமலும் இருக்கலாம். கால்களை ஊன்றி நிற்க இயலாது. இதற்கு உதவி தேவை.

இரண்டாம் வகை, பறக்கப் பழகும் குஞ்சு. உடல் முழுதும் சிறகு மூடியிருக்கும், வால் குட்டையாக இருக்கும், தத்தித் தாவும், கிளையைப் பற்றி அமரும். மைனா, கொண்டைக்குருவி, காகம் முதலியவற்றின் குஞ்சுகள் நன்கு பறக்கத் தெரியுமுன்னரே கூட்டை விட்டு இறங்கிவிடும். தரையிலும் புதரிலும் இருந்தவாறே சில நாட்கள் தாய் தந்தையரிடம் இரை பெற்று வளரும். இது அநாதைக் குஞ்சு அன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை போன்றது. இதனை எடுத்து வருவது, வீதியில் நடக்கும் குழந்தையைப் பெற்றோர் அறியாமல் தூக்கிச் செல்வதற்கு ஒப்பாகும். நாயோ பூனையோ வரும் இடமாயின் அருகிலுள்ள வேலியிலோ தாழ்ந்த கிளையிலோ அதனை ஏற்றி வைத்துவிட்டு விலகுக. வளர்ப்புப் பூனையைச் சில நாட்கள் வீட்டினுள் அடைத்து வைப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி.

ஆட்காட்டி, சம்புக்கோழி, உப்புக்கொத்தி முதலியவற்றின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே தாயின் பின் ஓடத் தொடங்கும். வயல் வரப்பிலோ கடற்கரை மணலிலோ தனியே பதுங்கியிருப்பது போல் அது தோன்றினால், தாய் அருகில்தான் இருக்கும். நாம் நிற்பதனாலேயே அது நெருங்க அஞ்சும். நாம் அகல்வதே அங்கு உதவி.

கூட்டில் சேர்த்தல்

மனிதர் தொட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஏற்காது என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவது வழக்கம். இது உண்மை அன்று. மனிதரின் வாடை பட்டது என்பதற்காகப் பறவைகள் தம் குஞ்சை ஒதுக்குவதில்லை. எனவே கூட்டுக் குஞ்சு விழுந்திருப்பின், காயம் இல்லையா என்று பார்த்து, உடல் குளிர்ந்திருந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, அதே கூட்டில் வைத்துவிட வேண்டும். குளிர்ந்த குஞ்சு வாய் திறந்து இரை கேளாது. ஆதலால் வெப்பம் முதலில் வேண்டும்.

கூடு எட்டாத உயரத்தில் இருந்தாலோ சிதைந்து போயிருந்தாலோ, ஒரு சிறு ஓலைப் பெட்டி அல்லது கொட்டாங்கச்சியை எடுத்து, நீர் தேங்காதிருக்க அடியில் துளையிட்டு, காய்ந்த புல்லை மெத்தென்று பரப்பி, அதே மரத்தில் நிழலான கிளையில் கட்டிக் குஞ்சை அதில் வைக்கலாம். பின்னர் ஒன்றிரண்டு மணி நேரம் மறைவில் இருந்து பார்க்க வேண்டும். தாய் வந்து இரை ஊட்டுமாயின் நம் பணி நிறைவுற்றது. காற்று மழைக்குப்பின் தூக்கணாங்குருவிக் கூடு குஞ்சுகளோடு அறுந்து வீழ்ந்து கிடப்பதுண்டு. அந்தக் கூட்டையே எடுத்து, அதே பனையிலோ அருகிலுள்ள மரத்திலோ வாயில் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டிவிடலாம்.

அடிபட்ட பறவைக்கு முதலுதவி

சிறகு தொங்குதல், குருதி வடிதல், நிற்க இயலாது சாய்தல், பூனையின் வாயில் அகப்பட்டு மீண்டிருத்தல் ஆகியவை மருத்துவம் வேண்டும் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டியவை சிலவே.

முதலாவது, மெல்லிய துணியைப் பறவையின் மீது போர்த்தி, சிறகுகளை உடலோடு சேர்த்து மென்மையாக எடுக்க வேண்டும். இறுகப் பிடிக்கலாகாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மார்பை அழுத்தினால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். கொக்கு, நாரை ஆகியவை அச்சத்தால் கண்ணை நோக்கிக் குத்தும். முகத்தருகே கொண்டு செல்லலாகாது. பருந்து, ஆந்தை ஆகியவற்றின் நகங்களிலும் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பழந்துணி விரித்து, அதில் பறவையை வைத்து மூடிவிட வேண்டும். கம்பிக் கூண்டு கூடாது. கம்பியில் மோதிச் சிறகு முறியும். பெட்டியை இருண்ட, ஓசையற்ற அறையில் வைக்க வேண்டும். இருளும் அமைதியுமே பறவைக்கு முதல் மருந்து. அன்பு மிகுதியால் தடவிக் கொடுப்பதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவதும், அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதும் அதன் அச்சத்தைப் பெருக்கும். அச்சத்தாலேயே உயிர் விடும் பறவைகளும் உண்டு. மயிர் முளையாத குஞ்சாயின், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம்.

மூன்றாவது, முறிந்த சிறகுக்கு நாமே குச்சி வைத்துக் கட்டலாகாது. அகிம்சாணுவிரதத்திற்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் முதலாவது பந்தம், அதாவது கட்டுதல். தீய நோக்கோடு கட்டுவதையே சாத்திரம் கண்டிக்கிறது எனினும், அறியாது கட்டிய கட்டும் மூச்சை அடைக்கும். எலும்பு கோணலாய்ப் பொருந்தினால் பறவை பின்னர் ஒருநாளும் பறவாது.

நான்காவது, பூனை கவ்விய பறவையைக் காயம் வெளியில் தெரியாவிட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பூனையின் எச்சிலிலுள்ள கிருமி ஓரிரு நாட்களில் உயிரைப் போக்கிவிடும்.

கண்ணாடிச் சன்னலில் மோதி மயங்கிய பறவையாயின், பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தபின் தெளியக்கூடும். பிறகு வெளியில் கொண்டு சென்று மூடியைத் திறந்தால் தானே பறந்துவிடும். பறவாவிட்டால் மருத்துவரே வழி.

உணவும் நீரும்

இங்கு நம் இல்லத்தரசிகளுக்கு ஓர் ஐயம் எழும். பசித்த உயிருக்கு ஆகாரம் அளிப்பது தானம் அன்றோ? உணவையும் நீரையும் தடுப்பது அதிசாரங்களுள் ஒன்றன்றோ? ஆயின், அடிபட்ட பறவைக்கு உடனே ஒன்றும் கொடாதீர் என்று கூறுவது எங்ஙனம்?

உண்மையே. ஆனால் சாத்திரம் கண்டிப்பது, சினத்தாலோ பேராசையாலோ பிற உயிரைப் பட்டினியிடுவதை. அறுவை மருத்துவத்துக்கு முன் நோயாளியை உண்ணாதிருக்கச் சொல்லும் மருத்துவரை யாரும் கொடியவர் என்பதில்லை. அதிர்ச்சியில் உள்ள பறவைக்கு உணவு செரிக்காது. மேலும் பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக நாம் ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குச் செல்லும். குஞ்சு மூச்சுத் திணறி இறக்கும். பாலோ முற்றிலும் ஆகாது. பறவை பாலூட்டி இனம் அன்று. பாலைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலால் மருத்துவரையோ வனத்துறையினரையோ அடையும் வரை பாலும் சோறும் ரொட்டியும் கொடாதிருத்தலே அபயதானமாகும்.

ஊன் உண்ணும் பறவையும் நம் விரதமும்

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய கடினமான வினாவுக்கு வருவோம். மீன்கொத்தி மீன் தின்னும். கூகை எலி தின்னும். சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் வளர்ந்தபின் தானியம் கொறிப்பினும், குஞ்சுப் பருவத்தில் அவற்றுக்குத் தாய் கொணர்ந்து ஊட்டுவது புழு பூச்சிகளையே. ஓர் உயிரைக் காக்க வேறு பல உயிர்களை நம் கையால் கொடுப்பது எவ்வாறு பொருந்தும்?

தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில், 1929-இல் தொடங்கப்பட்ட பறவைகள் அறமருத்துவமனை இன்றும் நடைபெற்று வருகிறது. புறா, கிளி முதலிய சைவப் பறவைகளை அங்கே உள்நோயாளிகளாகத் தங்கவைத்து இலவசமாகப் பேணுகின்றனர். ஊன் உண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. புறநோயாளிகளாகச் சிகிச்சை அளித்து அனுப்புவர். அதே தில்லியில் நதீம் ஷேசாத், முகமது சவுத் என்னும் சகோதரர் இருவர், காற்றாடி நூலால் அறுபட்டு வீழும் பருந்துகளைத் தம் இல்லத்திலேயே பேணத் தொடங்கி, அதற்கென ஓர் அமைப்பையே நிறுவினர். அவர்தம் பணியைக் காட்டும் ஆவணப்படம் 2022-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஒருவர் விரதம் இடம் தராத பணியை மற்றொருவர் ஏற்கிறார். இரண்டும் கருணையே.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊர் மக்கள் தம் வீட்டு மரங்களிலேயே நாரைகளைக் கூடு கட்ட விட்டு, அவை அஞ்சும் என்று வெடி வெடியாதிருப்பவர். 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பால்பாண்டி என்பவரும் அவர் துணைவியார் வள்ளித்தாயும் மரத்திலிருந்து விழும் குஞ்சுகளைச் சேகரித்து, மீன் ஊட்டி, பறக்கும் வரை காத்தனர். அவர்தம் உழைப்பைப் போற்றுகிறோம். எனினும் மீன் ஊட்டுதல் நம் இல்லங்களில் இயலாத செயல்.

ஆயின், மீன்கொத்தியையும் பருந்தையும் கண்டும் காணாமல் செல்வதா? அன்று. இவ்வையத்தை மூன்று விதமாகத் தீர்க்கலாம். விழுந்த குஞ்சைக் கூட்டில் சேர்த்துவிட்டால், அதன் இயல்பான உணவை அதன் தாயே தேடிக் கொள்ளும். நம் கை அதில் புகுவதில்லை. அடிபட்ட பறவைக்கு முதல் சில மணி நேரம் உணவே கூடாது என்பதை முன்னர்க் கண்டோம். எனவே நம்மிடம் அது இருக்கும் நேரத்தில் இவ்வினாவே எழுவதில்லை. நெடுநாள் பேண வேண்டியதாயின், அப்பொறுப்பு சட்டப்படி வனத்துறையைச் சேர்ந்தது. ஆக, துணியால் போர்த்தி எடுத்தல், இருளும் வெப்பமும் தருதல், உரியவரிடம் சேர்த்தல் என்னும் முதற்பணி முழுவதையும் நம் விரதம் குன்றாமலே எல்லாப் பறவைக்கும் செய்யலாம். ஊன் உண்ணும் பறவைக்கும் ஐம்பொறியும் மனமும் உண்டு. அதற்கும் வலி உண்டு. நம் விரதம் நம் உணவைக் கட்டுப்படுத்துவது. பருந்தின் மீது அதனைச் சுமத்தல் ஆகாது. பருந்துக்குத் தயிர்ச்சோறு ஊட்டி அதனை நலிவித்துச் சாகவிடுதலும் இம்சையே.

கடைமடைப் பகுதியின் தனி நிலைகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் வீசியபின் கடற்பறவைகள் களைத்துக் கரையில் ஒதுங்கும். 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயலில் கோடியக்கரைச் சரணாலயத்தின் மரங்களும் பறவைகளும் பெருஞ்சேதமுற்றன. கரையொதுங்கிய பறவையை மீண்டும் அலையில் விடலாகாது. பெட்டியில் வைத்து ஓய்வு தந்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காலில் உலோக வளையம் இருப்பின் அதிலுள்ள எண்ணைக் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுக. கோடியக்கரையில் பல்லாண்டுகளாக அக்கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்து வருகின்றனர்.

தூண்டில் நரம்பு சுற்றிய பறவையாயின், இழுக்காமல் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். முள் தைத்திருப்பின் அதனைப் பிடுங்காது மருத்துவரிடம் விடுக. பனையோலை வெட்டும்போது பனை உழவாரன் தரையில் விழுவதுண்டு. அதன் கால்கள் மிகக் குறுகியவை. தரையிலிருந்து எழும்ப அதற்கு அரிது. காயமில்லையாயின் விரித்த உள்ளங்கையில் வைத்து உயர்த்திப் பிடித்தால் தானே காற்றில் ஏறும், எறியலாகாது.

வயலில் பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடந்தால் நஞ்சோ தொற்றுநோயோ காரணமாகலாம். கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்கு உடனே அறிவிக்க வேண்டும். எப்பறவையைத் தொட்டாலும் பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

சட்டமும் கூண்டும்

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பது குற்றம்; பச்சைக்கிளியும் அதில் அடங்கும். கைக்கு வந்த வன உயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தரங்கம்பாடி வட்டத்தார் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பகுதி வனத்துறை அலுவலர்களையும், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையையும் அணுகலாம். தஞ்சை, மன்னார்குடி, தீபங்குடி, கும்பகோணம் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அணுகத்தக்க தொலைவில் உள்ளது. இவ்விடங்களின் தொலைபேசி எண்களை முன்னரே எழுதி வைத்துக் கொள்வது நலம்.

விழாநாட்களில் கூண்டுப் பறவைகளை விலை கொடுத்து வாங்கிப் பறக்க விடுவதைப் புண்ணியம் எனக் கருதுவோர் நம்மிடையே உண்டு. வாங்குவோர் இருக்கும் வரை பிடிப்போரும் இருப்பர். நாம் இன்று விடுவிக்கும் பறவையின் விலையே நாளை வேறொரு பறவைக்கு வலையாகும். திருமண விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்ட நேமிநாதர் அவற்றுக்கு விலை பேசவில்லை. அவ்விருந்துக்குக் காரணமான தம் திருமணத்தையே துறந்தார்.

இயலாத போது

எவ்வளவு முயன்றும் சில பறவைகள் பிழைப்பதில்லை. அப்போது மனம் கலங்கித் தம்மை நொந்து கொள்வதில் பயனில்லை. சீவக சிந்தாமணியில், பலரால் அடிபட்டுச் சாகும் நிலையில் கிடந்த நாயைக் கண்ட சீவகன், அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்பது நாம் அறிந்த வரலாறு. மருந்து உள்ளவிடத்து மருந்து தேடுவோம். அதற்கும் அப்பாற்பட்ட நிலையில், பெட்டியின் அருகே மெல்லிய குரலில் மந்திரம் ஓதி, அமைதியாக இறுதி எய்த விடுவோம்.

அறப்பாடசாலை மாணவர்க்கான வினாக்கள்

1. கூட்டுக் குஞ்சுக்கும் பறக்கப் பழகும் குஞ்சுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்னும் கருத்து சரியா?
3. அடிபட்ட பறவையின் வாயில் நீரோ பாலோ ஊற்றலாகாது என்பதன் காரணம் யாது?
4. உணவு நீர் தடுத்தல் என்னும் அதிசாரம் இங்குப் பொருந்தாது என்பதை விளக்குக.
5. அடிபட்ட பருந்தைக் கண்ட சிராவகர் தம் விரதம் குன்றாமல் செய்யக்கூடியவை எவை?
6. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையும் வனத்துறை அலுவலகமும் எங்கு உள்ளன? பெற்றோரிடம் கேட்டு எழுதுக.